காவடியான் பாதம்

கரட்டுப்புதூர்,
சென்னிமலை வழி.
ஆனி 10

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

உன் அக்கா சென்னியம்மாள் எழுதுவது. பட்டறைப் புகையில் இருமல் என்றாயே, விட்டுவிட்டதா? இங்கே நானும் மாமாவும் ஆடுமாடுகளும் சாமி புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம்.

போன் கையில் இருக்க அக்கா காகிதத்தைத் தேடிப்போயிருக்கிறாளே என்று நினைப்பாய். எல்லாம் உன் மாமா வாயால் வந்தது. கரண்டு டவருக்காக வாய்க்கால் ஓரத்து நம் தென்னைகளைச் சாய்த்தார்கள் இல்லையா, அன்றைக்கு வெட்டின மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இனிமே உன்ற தம்பி குரல் இந்த ஊட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்று சொல்லிப்போட்டார். நஞ்சுண்டன் ஒன்று சொன்னால் அது கல்வெட்டு. போனை எடுத்தால் உன் குரல் கேட்கும். கடுதாசிக்கு ஏது குரல்? அவரிடமே கேட்டேன். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்துவிட்டு, "எழுதறது உன்ற இஷ்டம்" என்றார். உத்தரவு கிடைத்துவிட்டது, எழுதுகிறேன்.

நீ வடிவமைத்த டவர் நம் காட்டில் எழுந்து நின்றுவிட்டது. மற்ற ஊர் டவர் மாதிரி நாலு காலும் குறுக்குச் சட்டமுமாக இல்லை. ஒரு ஆள் தோளில் காவடி சுமந்துகொண்டு மலையைப் பார்த்து நடக்கிற மாதிரியே இருக்கிறது. காவடி வளைவிலிருந்து கரண்டுக் கம்பி தொங்குகிறது. வாய்க்கால் மேட்டில் ஏறிப் பார்த்தால் ஏழு பேர் வரிசையாகச் சென்னிமலைக்குப் போகிறார்கள். மாமா இல்லாத நேரத்தில் மேட்டில் ஏறி நின்று பார்க்கிறேன். பெருமையாக இருக்கிறது, சொல்வதற்கென்ன.

ஆனால் அந்தக் கால் இருக்கிறதே! போன பொங்கலுக்கு வந்தபோது, "சும்மா ஒரு அச்சுக்குத்தாங்க்கா" என்று பிளாஸ்டர் குழைவில் என் இரண்டு காலையும் வைக்கச் சொன்னாய். இப்போது டவரின் பாதத்தைப் பார்க்கிறேன், இடது சுண்டுவிரல் மடங்கிக் கிடக்கிறது. சின்ன வயதில் நீ குழவிக்கல்லைத் தூக்கிப்போட்டு மடக்கிய விரல்தான். ஆட்டுக்குட்டி அளவுக்கு இரும்பில் செய்து வைத்திருக்கிறாய். வெட்கமாகப் போய்விட்டது. மாமாவிடம் சொல்லவில்லை. ஊரிலும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று. மற்ற டவரில் எல்லாம் முள்கம்பி சுற்றி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மாட்டியிருப்பார்களே, இதில் காணோம். மறந்துவிட்டார்களா? அந்தப் பக்கம்தான் நம் செவலைக் கன்று மேய்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

பிரியமுள்ள அக்கா,
சென்னியம்மாள்


கணபதி, கோவை.
1.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவின் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விடாமல் போகிறதா?

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே நாலு தடவை படித்தேன். ஏழு பேர் வரிசையாகப் போகிறார்கள் என்று எழுதினாய் பார், அதற்காகத்தான் மூன்று வருடம் பாடுபட்டேன். மின்கோபுரம் என்றால் நிலத்தில் குத்திய ஈட்டி மாதிரி இருந்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது? ஊருக்கு வெளிச்சம் சுமந்து போகிறவன் ஒரு ஆள் மாதிரி இருந்தால் என்ன?

பாதத்துக்கு மன்னித்துவிடு. எத்தனையோ பேர் காலைப் பார்த்தேன். வெறும் காலில் காட்டில் நடந்த கால் உன்னுடையதுதான். இங்கே பவுண்டரியில் வார்ப்பு எடுத்தபோது அந்தச் சுண்டுவிரலைச் சரிசெய்யலாமா என்று கேட்டார்கள். தொடவிடவில்லை.

முள்கம்பியை யாரும் மறக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். காவடி எடுத்தவன் காலில் யாராவது முள்ளைக் கட்டுவார்களா அக்கா? அவன் இடுப்பில் மண்டையோட்டை மாட்டுவார்களா? உடம்பு முழுக்க வழவழப்பான தகடு, யாரும் ஏற முடியாது, பிறகு முள் எதற்கு? கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் பட்டை மற்ற இடங்களில் காலோரம் அசிங்கமாகத் தொங்கும். அதைக்கூடக் குதிகாலுக்குள் மறைத்துவிட்டேன். எங்கள் பொறியாளர் ரெபேக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கண்ணுக்குத் தெரியாததை யாருங்க செக் பண்ணுவாங்க?" என்று சண்டை போட்டார். கம்பெனி என் பக்கம் நின்றது.

தென்னை மரங்கள் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். வழியை முடிவு செய்தது கம்பெனி. மாமாவின் கோபம் மெதுவாக ஆறும். ஒரு பெரிய விருதுக்கு இந்த ஏழு கோபுரங்களை அனுப்பப்போகிறார்கள். கிடைத்தால் இன்னொரு மாவட்டத்தில் நாற்பது கோபுரங்கள் என் கைக்கு வரும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாமல் சொல்லிவிடு.

உன் தம்பி,
கிருபாசங்கர்


கரட்டுப்புதூர்,
ஆடி 8

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

சுகமாக இரு. முழங்கால் அப்படியேதான், பேச்சு மட்டும் குறையவில்லை என்கிறார் மாமா.

கரண்டு விட்டுவிட்டார்கள். கிட்டே போனால் வண்டு முரலுகிற மாதிரி ஒரு சத்தம். ஆடிக் கிருத்திகை அன்றைக்கு நடந்த கூத்தைக் கேள். பக்கத்துக் காட்டு ராசாத்தாளக்கா செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நேராக டவரிடம் போய் இரண்டு பாதத்திலும் ஊற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க்கா, அது கரண்டு டவருங்க" என்றேன்.

"டவரா இருந்தா என்ன அம்மணி, காவடி தூக்கிட்டு நிக்கறானல்லோ. இந்த வெயில்ல கால் சுடாதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யார் கால் சுடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊரே என் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது, நான் கம்மென்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே ஒருவர் முள்கம்பி ஏன் இல்லை என்று கேட்டார். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். காவடி எடுத்தவன் காலில் யாராவது முள்ளைக் கட்டுவார்களா என்று என் தம்பி கேட்கிறான் என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ராசாத்தாளக்கா அதைச் சந்தை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். டவருக்குக் காவடியான் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

மாமா மட்டும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. காட்டுக்கு வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அக்கா,
சென்னியம்மாள்


கணபதி, கோவை.
20.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். உன் நலமும் மாமாவின் நலமும் அதுபோலவே என்று நம்புகிறேன்.

மஞ்சள் தண்ணீர் விஷயத்தைப் படித்துவிட்டு உட்கார முடியவில்லை. ஒரு சிற்பி இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? விருதுக் குழுவுக்கு எழுதிவிட்டேன், அவர்கள் படம் கேட்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு போட்டோக்காரரை அனுப்புகிறேன். நீயே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நில். அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொள். உன் காலுக்கு நீயே தண்ணீர் ஊற்றுகிறாய் என்பது நம் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

கிருபா


கரட்டுப்புதூர்,
ஐப்பசி 12

தம்பி கிருபாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் தாமதம் ஆகிவிட்டது, வேலை.

போட்டோக்காரர் வந்தார். அரக்குச் சேலைதான் கட்டினேன். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு செம்பு, இன்னொரு செம்பு என்று ஊற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். தரையெல்லாம் சேறாகிவிட்டது. நிற்க நிற்க என் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. அவர் ரப்பர் ஷூ போட்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டவர் காலில் கரண்டு வருமா கிருபா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

இந்த வருடம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சோளம் தழைத்திருக்கிறது. செவலைக் கன்று இப்போது இல்லை.

அந்த முள்கம்பியையும் பலகையையும் கட்டிவிட்டால் தேவலை என்று எனக்குப் படுகிறது. உன் வேலைக்குக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே.

அக்கா


கணபதி, கோவை.
6.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு வர முடியாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மாமா இருக்கும்போது வந்து வாசலில் ஊமையாக நிற்கவா?

படம் அற்புதமாக வந்திருக்கிறது. பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள், வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். விருதுக் குழுவின் கடைசிப் பட்டியலில் நம் காவடியான் இருக்கிறான்.

எறும்பு விஷயத்துக்குப் பயப்படாதே. ஈரத்தில் வெகுநேரம் நின்றால் கால் மரத்துப்போகும். உனக்கு நரம்புத் தளர்ச்சியும் இருக்கலாம், ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. எர்த் பட்டை மண்ணுக்குள் இருக்கிறது, கரண்டு வர வாய்ப்பே இல்லை. முள்கம்பி பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

கன்றை ஏன் விற்றீர்கள்? நல்ல சாதிக் கன்று ஆயிற்றே.

கிருபா


கரட்டுப்புதூர்,
மார்கழி 4

தம்பி கிருபாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கன்றை விற்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் காவடியான் காலடியில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. நான் வரப்பில் நின்று கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு அடி வைத்தது, அப்படியே முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. கத்தக்கூட இல்லை. மழை நின்று தரை உலரும்வரை கிட்டே போகப் பயமாக இருந்தது. பிறகு கயிற்றைச் சுண்டி வீசி, இழுத்து வந்து வாய்க்கால் ஓரம் போட்டேன். பாம்பு கடித்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குழி தோண்டப் போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? உண்மை தெரிந்தால் மாமா விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவார். பேப்பரில் உன் பேர் நாறும். கோவணம் கட்டத் தெரியாத வயதில் என் இடுப்பில் வளர்ந்தவன் நீ, உன் பேரை நானே கெடுப்பேனா? மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இப்போது ஊரில், தைப்பூசத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் கொண்டுவந்து காவடியானுக்குக் குடம் குடமாக ஊற்றப்போகிறோம் என்கிறார்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லோரும் வருகிறார்களாம். வெறுங்காலோடு, ஈரச் சேலையோடு. ராசாத்தாளக்காவிடம் போய், வேண்டாங்க்கா, கரண்டு இருக்குது, ஒரு முள்கம்பியாவது கட்டச் சொல்லுவோம் என்றேன்.

"காவடி எடுத்தவன் காலுல முள்ளைக் கட்டலாமா அம்மணி? உன்ற தம்பி சொன்னதுதானே? பெரிய படிப்புப் படிச்சவனல்லோ" என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். கன்றைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி செய்யும். தைப்பூசத்துக்குள் முள்கம்பியும் பலகையும் கட்டிவிடு கண்ணு. உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


கணபதி, கோவை.
20.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடி போயிருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கன்றுக்கு ஏதாவது நோய் இருந்திருக்கும். இடி விழுந்திருக்கலாம். மழையில் எத்தனையோ நடக்கும். ரெபேக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்ன நிமிடமே லைனை நிறுத்திவிடுவார், காலைச் சுற்றி வேலி போட்டுவிடுவார்.

அக்கா, விருதுக் குழுவினர் தைப்பூசத்தன்றுதான் வருகிறார்கள். பெண்கள் தண்ணீர் ஊற்றுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். நடுவில் வேலியும் மண்டையோடுமாக இருந்தால் எல்லாம் போச்சு. அந்த ஒரு நாள் மட்டும் பொறு. மறுநாளே நானே ஆள் அனுப்புகிறேன், சத்தியம். இப்போது மழை இல்லை, தரை காய்ந்திருக்கிறது. ஒன்றும் ஆகாது.

நீ மட்டும் அன்றைக்குக் கிட்டே போகாதே.

கிருபா


கணபதி, கோவை.
2.2.2026

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்றுக் காலை விருதுக் குழுவினரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். காவடியானின் இரண்டு கணுக்காலிலும் பழைய செருப்பு மாலை. அறுந்த செருப்பு, தேய்ந்த செருப்பு, நடுவில் இரண்டு விளக்குமாறு. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நிற்கிறார்கள். தீட்டுப் பட்டுவிட்டது, இனி ஊற்றக் கூடாது என்று ஒரே சத்தம். ராசாத்தாளக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். குழுவில் ஒருவர் இதுவும் சடங்கா என்று என்னிடம் கேட்டார்.

யார் செய்தது என்று ஊர்க்காரர்கள் கேட்டபோது, உன் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்து, "நாந்தானுங்க கட்டினேன்" என்றார். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. நான் ஆச்சரியப்பட்டேன். கோபம் இருக்கலாம், அதற்காக இப்படியா? மூன்று வருட உழைப்பு அக்கா. என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

படம் எடுத்துப் போலீசில் கொடுத்துவிட்டேன். அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். கேட்டுக்கொள்.

நீ ஏன் வெளியே வரவே இல்லை?

கிருபாசங்கர்


கரட்டுப்புதூர்,
தை 24

கிருபாவுக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறாய் அல்லவா? மாமாவும் நன்றாக இருக்கிறார். இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததில் இடுப்பு மட்டும் பிடித்துக்கொண்டது.

உன் கடைசிக் கடிதத்துக்கு முந்தியது வந்த அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஒரு நாள் மட்டும் பொறு என்று எழுதியிருந்தாய். நீ மட்டும் கிட்டே போகாதே என்றும் எழுதியிருந்தாய். அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. ராசாத்தாளக்காவின் மருமகள் ஏழு மாதக் கர்ப்பம் கிருபா. அவளும் குடம் எடுக்கிறாள்.

கரண்டு இருக்கிறது என்றால் கேட்க மாட்டார்கள். செருப்புப் பட்டது என்றால் ஊரே ஒதுங்கி நிற்கும். நம் ஊர் எனக்குத் தெரியாதா? பரணில் கிடந்ததை எல்லாம் பொறுக்கினேன். பழைய செருப்பு எதையும் நான் எறிவதில்லை என்று நீ கேலி செய்வாயே, அது உதவியது. போன வருடப் பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன தோல் செருப்பும் அதில் ஒன்று. விடியக் கருக்கலில் மாமாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காய்ந்த மூங்கில் தொரட்டியால் எட்ட நின்றே மாட்டிவிட்டேன். திரும்பினால் மாமா வரப்பில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தொரட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஊட்டுக்குள்ள போய் இரு, கதவைச் சாத்திக்கோ" என்றார். அதனால்தான் நான் வெளியே வரவில்லை.

போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகும், நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று ஒரு நாள் சும்மா இருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. மறுநாள் கிளம்பிப் போனேன். எஸ்.ஐ. ஒரு பெண், பிந்து என்று பேர்.

"செருப்பைக் கட்டுனது நாந்தானுங்க" என்றேன்.

"வீட்டுக்காரரைக் காப்பாத்த வந்தீங்களாம்மா?" என்று சிரித்தார்.

"இல்லைங்க. அது என்ற காலுங்க. என்ற காலுக்கு நான் செருப்புப் போட்டனுங்க. அதுக்கு எதுக்குங்க இவரை உட்கார வெச்சிருக்கீங்க?"

பைத்தியம் என்று நினைத்திருப்பார். நீ புகாரோடு கொடுத்த படம் மேசை மேல் இருந்தது. என் இடது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தேன். மடங்கின சுண்டுவிரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்ப என் விரலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. உட்காருங்கம்மா என்றார். கன்று விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீ எழுதியதை மட்டும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது மாமா, "பாம்பு கடிச்சா குளம்பு கருகாது. அன்னைக்கே தெரியும்" என்றார்.

"அப்பறம் ஏனுங்க கேக்கல?"

"நீயே சொல்லுவீன்னு இருந்தேன்."

ஊரில் கன்று விஷயத்தைச் சொன்னோம். சாமி கோபம் என்கிறார்கள், முன்னாடியே செருப்பைக் கட்ட நினைத்திருப்பீர்கள், அதனால்தான் கன்று செத்தது என்கிறார்கள். மாசியில் மாரியம்மன் பொங்கலுக்கு நம் வீட்டில் கோயில் வரி வாங்கப்போவதில்லை, நம்மை ஒதுக்கிவைப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். ராசாத்தாளக்கா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மருமகள் நன்றாக இருக்கிறாள். அது போதும்.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். செருப்பு மக்கிப்போகும், அதற்குப் பிறகு ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். இனி நீ செய்ய வேண்டியதைச் செய்.

சென்னியம்மாள்


கணபதி, கோவை.
15.2.2026

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. படிக்காமல் கிழித்தாலும் சரிதான்.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். ரெபேக்காவிடம் அக்காவின் கடிதங்களைக் கொடுத்தேன், என் பதில்களில் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து லைனை நிறுத்தச் சொன்னார். உங்கள் காட்டுக் கோபுரத்தின் குதிகாலை வெட்டித் திறந்தோம். உள்ளே எர்த் பட்டை இணைப்பில் அற்றுப்போய்க் கிடந்தது. மேலே கம்பியைத் தாங்குகிற பீங்கான் ஒன்றும் விரிசல் விட்டிருக்கிறது, அதன் வழியாகத்தான் கரண்டு கசிந்திருக்கிறது. பட்டை வெளியே இருந்திருந்தால் ரோந்து வருகிற யாராவது பார்த்திருப்பார்கள். கன்றைக் கொன்றது நான்தான். தைப்பூசத்தன்று யார் போயிருப்பார்கள் என்று நினைக்கிறபோது கண்ணை மூட முடியவில்லை.

விருதுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துவிட்டேன். இன்னொரு மாவட்டத்து நாற்பது கோபுரங்களுக்கு முன்கூட்டியே வரைந்து வைத்திருந்த படத்தில் பாதங்களை அழித்துவிட்டேன். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை, பாதம்தான் வேண்டுமாம். வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

புதன்கிழமை முள்கம்பியோடு வருகிறேன். ஏழு கோபுரத்துக்கும் கட்ட வேண்டும். ஆள் வைக்காமல் நானே கட்டுகிறேன். சுத்தியல் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் குரல் கேட்காது.

கிருபாசங்கர்


கரட்டுப்புதூர்,
மாசி 12

மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு,

நஞ்சுண்டன் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நலம். நீங்கள் நலமா?

முள்கம்பி கட்டினதைப் பார்த்தேன். கையில் இரத்தம் வந்ததையும் வரப்பிலிருந்து பார்த்தேன். ஊசி போட்டுக்கொண்டீர்களா? வடக்கு மூலையில் ஒரு கம்பி தொய்ந்திருந்தது, நான் இறுக்கிவிட்டேன். சிவப்புப் பலகை தூரத்திலிருந்தே தெரிகிறது. கட்டும்போது ஊரில் யாரும் கிட்டே வரவில்லை. தடுக்கவும் இல்லை. செருப்பு கிடக்கிற இடத்தை இனி எதற்குக் காக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாரியம்மன் பொங்கல் நேற்று முடிந்தது. நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. உங்கள் அக்கா தானாகவே ஒரு பானை பொங்கல் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் ஏறிப்போனாள். முள்ளுக்குள் நிற்கிற காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து தொட்டியடியில் உட்கார்ந்து தன் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஏன் அம்மணி என்று கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் செம்பில் மொண்டு ஊற்றினேன்.

குரல் விஷயத்தில் மாற்றம் இல்லை. சொன்னது சொன்னதுதான். போன் செய்ய வேண்டாம்.

எழுதுங்கள்.

நஞ்சுண்டன்